மூத்தவளுக்கு எந்தப் பாடம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்கும் நம் குடும்பங்கள் சிலவற்றின் கால அட்டவணைகளைக் கண்டோம். ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன். பிறகு ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து, பத்து வயதுப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு. பதின்மூன்று வயது மகளின் பெயருக்கு நேரே, "தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தல்."

இதைப் பாடத்திட்டம் என ஏற்க எம்மால் இயலவில்லை.

மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியின் வழக்கம் அது. எழும்பூர் அனாதை இல்லத்தில் அதைக் கையாண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் நூலாக வெளியிட, உலகம் 'மதராஸ் முறை' என்றது. ஆயினும் சட்டாம்பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு பாடம் இருந்தது. நம் மகளுக்கு?

பலவற்றை ஒரே பாயில் அமர்ந்து கற்கலாம். செம்பரம்பாக்கம் ஏரியை இளையவன் வரையட்டும். நடுவுள்ளவன் நாளிதழைப் பார்த்து, முழுக்கொள்ளளவான 24 அடிக்கு இன்னும் எத்தனை அடி குறைவு எனக் கணக்கிடட்டும். மூத்தவள் 2015 வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்து எழுதட்டும். கணிதமும் தேர்வும் மட்டும் அவரவர்க்குத் தனி.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது போதும். ஐந்து பாடங்களுக்கான ஆயத்தத்தை அவள் இன்றே தொடங்கியாக வேண்டும். "கட்டிக்கொடுக்கப் போகிறவளுக்குச் சான்றிதழ் எதற்கு?" என்போருக்கு மறுமொழி சொல்லிச் சலித்துவிட்டோம், அவள் அறிவும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.

தந்தையரே, காலையில் இரண்டு மணி நேரம் அவளை எவரும் அழைக்க வேண்டா. அழும் குழந்தையை நீங்கள் தூக்குங்கள்.