பழைய இரும்புக்கு வயதில்லை

2020 மார்ச்சில் மூடிய ஜிம்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தது ஆகஸ்ட் 5-ல்தான். அந்த இடைவெளியில் வீட்டுக்குள் புகுந்த டிரெட்மில்களில் பிறகு துணி காய்ந்தது.

பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டி கோவைக்கோ, மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கி தேனிக்கோ பழைய சாமான் தேடிப் போகிறவர்கள் முதலில் இரும்பைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தட்டில் மேலோடு படிந்த துருவைத் தேய்த்து வர்ணம் பூசினால் தீர்ந்தது. (பொறித்திருக்கும் எடையை நம்பாமல் தராசில் வைப்பது உத்தமம்.)

மோட்டார் வைத்தது வேறு ரகம். இடுக்கி மழையின் ஈரம் அதன் சர்க்யூட் போர்டை அரிக்கும். இருபது நிமிடம் மேலே நடக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பெல்ட் வழுக்குவதும் கருகல் வாடையும் அப்போதுதான் தெரியும். 'ஒரு மாசம்கூட ஓட்டலை' என்பார் விற்பவர். பெரும்பாலும் உண்மைதான். அதனால்தான் பெல்ட்டைத் தூக்கி, அடிப்பலகையில் சிலிகான் எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.