கைந்நொடியில் தொடங்குக இசைக்கல்வி

மேலையிசை பயில வரும் தமிழ்க் குழந்தைக்கு ஓசையின் கால அளவைக் கற்பிப்போர் பலர், தொடக்கத்திலேயே செமிபிரீவு, மினிம், குரோச்செட்டு, குவேவர், செமிகுவேவர் என ஐந்து பெயர்களை நெட்டுருச் செய்விக்கின்றனர். ஓசை காதில் விழுமுன் பெயர் நாவில் திணிக்கப்படுகின்றது. அப்பெயர்களைக் கொண்டு எது எதிற் பாதி என்றறியக் குழந்தைக்கு வழியில்லை. பெயரில் இடறிய பிள்ளை, 'எனக்கு இசை வராது' என்று ஒதுங்கிவிடுகின்றது. இழப்பு யாருக்கு?

"அயலிசைக்கு அயற்பெயர்தானே பொருந்தும்?" என்பார் உளர். அவ்விசையிற் பெரும்புலவர் பலரை ஈன்ற செருமானியர், அக்குறிகளை முழு, அரை, கால், எட்டிலொன்று, பதினாறிலொன்று எனப் பொருள்படத் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். நமக்கோ அரை, கால், அரைக்கால், மாகாணி எனத் தனித்தனிச் சொற்களே உள. கீழ்வாயிலக்கத்திற் கிடக்கும் அவற்றை இசைவகுப்பிற்கு அழைத்து வருதல் ஒன்றே வேண்டுவது.

செய்முறை எளிது. 16 விரல் நீளமுள்ள ஓலை நறுக்குகள் ஐந்து கொள்க. ஓலை கிட்டாவிடத்துத் தாள் போதும். ஒன்றை முழுதாக விட்டு, ஏனையவற்றை 2, 4, 8, 16 துண்டுகளாகக் குழந்தைகளையே நறுக்கச் செய்க. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நான்கு கால் ஒரு முழு என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும். பின்னர் ஒருவர் சீராகக் கைதட்டுக. முழு நறுக்கைப் பெற்ற குழந்தை நான்கு தட்டளவும் ஓசையை நீட்டட்டும். அரைக்கு இரண்டு தட்டு, காலுக்கு ஒன்று. ஒரு தட்டிற்குள் அரைக்கால் இரண்டு ஒலிக்கும். மாகாணி நான்கு ஒலிக்கும். துண்டுகளை மாற்றி அடுக்கினால், குழந்தை தானே ஒரு தாளக்கட்டைப் படைத்துவிடும். எழுத்துக்குறி அதன் பின்னரே வருக.

இது நமக்குப் புதுநெறியன்று. கண்ணிமையாலும் கைந்நொடியாலும் மாத்திரையை அளந்து காட்டியவர் தொல்காப்பியர். கொட்டு அரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று மாத்திரை எனக் கையின் தொழிலைக் கொண்டே தாளத்தைப் பகுத்தது சிலம்பின் உரை.

அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967), தாய்மொழிப் பாட்டே குழந்தையின் இசைக்கல்விக்கு அடிப்படை என வலியுறுத்தினார். அவர்தம் முறையில் ஒரு தட்டளவிற்குத் 'தா' என்றும், அதிற் பாதிக்குத் 'தி' என்றும் ஒலிப்பர். தமிழ்க் குழந்தைக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? நெடிலாகிய தா இரண்டு மாத்திரை. குறிலாகிய தி ஒன்று. 'படு', 'பாடு' என்பவற்றைப் பொருள் வேறுபாடறிந்து பேசும் குழந்தை, இவ்வளவைப் பள்ளிக்கு வருமுன்னரே காதால் கற்றுள்ளதன்றோ?

ஆகவே, குறில் நெடில் கற்பிக்கும் நாளிலேயே தமிழாசிரியரும் இசையாசிரியரும் ஒரே வகுப்பில் கூடி நிற்க. ஒருவர் எழுத்தைச் சொல்லட்டும், மற்றவர் கைதட்டட்டும். அவ்வகுப்பில், இசை வராது என்று ஒதுங்கும் பிள்ளை எவரும் இரார்.