விளையாட்டுக் கணினியும் வீட்டு வரவும்

விளையாடுவதற்கென்றே தனிக் கணினி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிப்பதாகப் பெற்றோர் பலர் நம்மிடம் முறையிடுகின்றனர். 2011-இல் அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி பாடத்திற்கு உதவிற்று. இன்றைய விளையாட்டுகளை அது தாங்காது. விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி மலைக்கப்பால் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய், நகையை அடகு வைத்து வண்ணவிளக்குப் பெட்டி வாங்கித் தருவது முறையன்று. எனினும், கேட்ட பிள்ளையைக் கடிந்து விரட்டுவதும் நமக்கு உடன்பாடன்று.

பாகங்களை வாங்கித் தாமே பூட்டட்டும். செலவு மிகுந்த பாகம் கிராபிக்ஸ் கார்டு. தொடக்கத்தில் அது வேண்டா. 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் அவ்வேலையைச் செய்யும் பகுதியும் அடங்கியுள்ளது. பல விளையாட்டுகள் மிதமான தரத்தில் ஓடும். அது கணினியின் பொது நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால், 16 ஜிபி ரேமை ஒரே துண்டாக வாங்காமல், எட்டெட்டாக இரண்டு வாங்குக, வேகம் கூடும். கார்டு பின்னர் சேரட்டும்.

மானிட்டரும் பெட்டியும் பழையனவாயினும் குற்றமில்லை. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதியதாக, தரமானதாக இருத்தல் வேண்டும். அது பழுதானால் மற்ற பாகங்களையும் உடன்கொண்டு போகும்! (மலிவைத் தேடும் நம்மவர் முதலில் கைவைப்பது அதில்தான்.) 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கு இரயில் ஓடுவதால் ரிச்சி தெருவுக்குச் சென்றுவருவதும் எளிது, ரசீதும் உத்தரவாதமும் இல்லாத சரக்கைத் தொடவேண்டா.

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றியது. ஆயினும் கணினி கூடத்திலேயே இருக்கட்டும். மகன் பூட்டும்போது தந்தையும் அருகமர்ந்து திருப்புளி எடுத்துக் கொடுக்கலாமே.