யாருடைய முற்றம்?

“மனிதர் காலடி படாத காடு!”

கனடாவைக் காரில் குறுக்கே கடந்து வந்தவர்கள் பரவசத்தோடு சொல்லும் வாக்கியம் இது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நானும் ஒரு சமயம் இதையே சொன்னவன்தான்.

நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வான்கூவர் தீவு வரை 7,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நெடுஞ்சாலை அது. கூடாரமும் அடுப்புமாகப் போனேன். சுப்பீரியர் ஏரிக்கரையில் குளிரில் நடுங்கினேன். சமவெளியில் காற்று கூடாரத்தைப் பிடுங்கப் பார்த்தது. ராக்கி மலைக்கு வந்ததும், “ஆகா, மனித வாடையே இல்லை!” என்று பூரித்துப்போனேன்.

மனிதர் இல்லைதான். ஏன் இல்லை?

1885-இல் பான்ஃப் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி அரசாங்கம் ஒதுக்கிய நிலமே கனடாவின் முதல் தேசியப் பூங்காவாக வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடிப் பிழைத்த ஸ்டோனி நக்கோடா மக்களுக்கு வேட்டை தடுக்கப்பட்டது. மிருகங்களைக் காப்பாற்றவாம்! நல்லது. அதே பூங்காவுக்குள் 1903 முதல் 1922 வரை பாங்க்ஹெட் நிலக்கரிச் சுரங்கம் நடந்ததே, அது எந்த மிருகத்தைக் காப்பாற்ற?

பான்ஃபுக்கு வடக்கே ஜாஸ்பர். அது 1907-இல் பூங்காவாயிற்று. அங்கே வீடு கட்டிப் பயிரிட்டு வந்த மெட்டி குடும்பங்களை, பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்தவர்களை, 1910 வாக்கில் கொஞ்சம் நஷ்ட ஈட்டைக் கொடுத்து வெளியேற்றினார்கள். அதே பள்ளத்தாக்கில் லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற வெள்ளையர் மட்டும் பட்டா வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார். காட்டுக்கும் மனிதரின் நிறம் தெரியும் போலிருக்கிறது!

“பூங்கா இல்லாவிட்டால் காடே மிஞ்சியிராதே, ஐயா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காட்டைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தனை காலமும் அங்கே வாழ்ந்தும் அதை அழிக்காமல் வைத்திருந்தவர்களைத் துரத்திவிட்டுத்தானா காக்க வேண்டும்? வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டு, “ஆளில்லா வீடு, எத்தனை அமைதி!” என்று ரசிப்பதற்கு என்ன பெயர்?

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள்; அந்த நட்சத்திரங்களை அவசியம் பாருங்கள். கூடாரத்துக்கு முளையடிக்கக் குனியும்போது மட்டும், அது யாருடைய முற்றம் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கதை சொல்லும்போது அந்தப் பொய் வாக்கியத்தைச் சொல்லாதிருங்கள்.