வெள்ளையடிப்பதற்கு முன்

ஆடி பிறந்துவிட்டது. வீடு பார்க்க வருகிறோம் என்ற அழைப்புகள் குறைந்திருக்கும். பால் காய்ச்ச ஆகாத மாதம் என்று வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நம்மில் பலரும் இந்த முப்பது நாளைச் சும்மாவே கழித்துவிடுகிறோம். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும். அன்று கிரயம் ஆக வேண்டிய வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க இதைவிடத் தோதான காலம் இல்லை.

வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வது என்றால் நம் தொழிலில் இன்னமும் பெயிண்ட் அடிப்பது என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத நினைத்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு தனி வீட்டை விற்றுக் கொடுத்தேன். பெற்றோர் காலமான பிறகு ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வீடு. பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. அந்தச் சுவருக்கு மறுபுறம் குளியலறை. தொட்டால் ஈரமே இல்லை. மேஸ்திரி மட்டும் நம்பவில்லை. “பாத்ரூம்ல டைல்ஸைப் பேர்த்துட்டுப் பைப் ஜாயிண்டைப் பார்க்கணும் சார். இல்லேன்னா எவ்வளவு பட்டி வச்சாலும் நிக்காது” என்றார். விற்பவர் வெளிநாட்டிலிருந்து பதினைந்து நாள் விடுப்பில் வந்திருந்தார். பட்டி பார்த்து, இளமஞ்சள் அடித்து முடித்தோம். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

குடிபோன இரண்டாம் மாதம் வாங்கியவர் கூப்பிட்டார். போய் நின்றேன். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவே போட்டிருந்தார்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றில் விரலை வைத்ததும் காரையோடு பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. “இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். தெரியும் என்றேன். அதன் பிறகு அவர் வழியாக எனக்கு ஒரு பார்ட்டியும் வரவில்லை. வராதது நியாயம்தான்.

பூட்டிய வீடு தன் கசிவை மறைத்துக்கொள்ளும் என்பதை அன்றுதான் கற்றேன். ஆள் புழங்காத குளியலறையில் குழாய் ஓடாது. ஓடாத குழாய் ஒழுகாது. அதனால் இப்போதெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு கைக்கு வந்தால் முதலில் மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூன்று நாள் புழங்கச் சொல்கிறேன். குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு இரவு விட்டுப் பார்க்கிறேன். மறுநாள் காலையில் சுவர் உண்மையைச் சொல்லிவிடும். பிறகுதான் பெயிண்டரைக் கூப்பிடுவது. காரையைக் கொத்தி மறுபடி பூசியிருந்தால் அது நன்றாகக் காயும்வரை பட்டி வைக்க விடுவதில்லை. ஆடியில் ஆரம்பித்தால் ஆவணிக்குள் காய்ந்துவிடும். ஆவணியில் ஆரம்பித்தால் அவசரம்தான் ஜெயிக்கும்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 லட்சம் ரூபாய் வீடு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக, 12 லட்சம் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த மதிப்பு வீட்டுக்கு அதைக் கடன் கணக்கில் சேர்க்க முடியாது. சாவியை வாங்கும்போது அவர் 17 லட்சத்து 40 ஆயிரம் ரொக்கம் இறக்கியிருப்பார். நகை அடகில் இருக்கும், பி.எஃப். எடுத்திருப்பார், மாமனாரிடம் கைமாற்று வாங்கியிருப்பார். அந்த நிலையில் குளியலறையைப் பெயர்த்துக் கட்ட ஒரு லட்சம் எங்கிருந்து வரும்? நாம் மூடி மறைக்கும் ஒவ்வொரு பழுதும் கையில் காசே இல்லாத ஒரு குடும்பத்தின் தலையில்தான் போய் விழுகிறது.

இதே கணக்கை விற்பவரிடமும் பேசலாம். கையிருப்பெல்லாம் கரைந்து நிற்கும் வாங்குபவர் சின்ன வேலையைக்கூடப் பெரிய செலவாகவே பார்ப்பார். கதவு நிலையில் உரசுவது, சிங்க் குழாய் சொட்டுவது, சுவிட்ச் பெட்டி ஆடுவது எல்லாம் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. செய்யாமல் விட்டால் பேரத்தில் லட்சமாகக் குறையும். பேசி முடிக்கும் மேசையில் நாம் எல்லோரும் பார்த்ததுதான் இது.

மறைப்பது நம் மனச்சாட்சியோடு முடிந்துபோகும் விஷயமும் அல்ல. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு சொல்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிக்காரை பெயர்ந்த வீடுகளுக்கு அழகாக ஃபால்ஸ் சீலிங் போட்டு விற்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிரிவைப் படித்த பிறகு அதை அலங்காரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கம்பியைச் சுத்தம் செய்து தளத்தைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் காட்டிவிட்டு விலையைக் குறையுங்கள்.

வெள்ளம் பற்றிய கேள்வியும் இந்தக் கணக்கில்தான் வரும். 2015 டிசம்பருக்குப் பிறகு வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலுக்குள் நுழையும் முன்பே, “இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?” என்கிறார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாக வருகிறது. தெருவில் தண்ணீர் நின்றது, படியோடு நின்றுவிட்டது என்றால் எந்தப் படி என்று தொட்டுக் காட்டுங்கள். வாங்குபவர் எப்படியும் எதிர்வீட்டு அம்மாவிடம் விசாரிக்கத்தான் போகிறார்.

காகிதங்களும் வீட்டின் பகுதிதான். என் அனுபவத்தில் அட்வான்ஸ் வாங்கிய பிறகு முறியும் கிரயங்களில் பெரும்பாலானவை சுவரால் முறிவதில்லை. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். வங்கிக் கடன் அடைந்து பல வருடம் ஆகியிருக்கும். ரசீது ஆவணம் பதியாததால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மாடியையும் எழுப்பியிருப்பார்கள். வங்கி மதிப்பீட்டாளர் டேப்பைப் பிடித்ததும் கடன் தொகை சுருங்கிவிடும். வில்லங்கத்தை இணையத்திலேயே பார்க்கலாம். விற்பவர் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே இதையும் பார்த்துவிட்டால், வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைய ஆடி முழுக்க இருக்கிறது. அடுக்குமாடி வீடென்றால் சங்கத்தில் பாக்கியில்லை என்று கடிதம் வாங்கி வையுங்கள்.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. காலை வெயில் விழும் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து, பரணில் இருக்கும் பழைய சாமானை இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாப்தலின் உருண்டையும் ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் அவை கிளப்பும். வந்தவர்களில் பெண்கள் நேராகச் சமையலறைக்குத்தான் போவார்கள். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, மெட்ரோ வாட்டர் எந்த நேரம் வரும் என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள். வாடகைக்கு ஆள் இருக்கும் வீடென்றால் முதல் நாளே போன் செய்து அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேளுங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பத்துப் பேரோடு போய் நிற்பது சரியில்லை.

இறந்த பெற்றோரின் மாலை போட்ட படங்களைக் கழற்றச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். நமக்கு அது காலிச் சுவர். பிள்ளைகளுக்கு அது கடைசியாகக் கழற்றப்படும் ஆணி. நான் அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லிவிட்டு வாசலில் நிற்பது வழக்கம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கிவிடும். இன்று உங்கள் கைவசம் இருக்கும் வீடுகளில் ஒன்றையாவது இந்த வாரமே திறந்து, மொட்டை மாடியில் ஏறித் தட்டோடு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் பெயிண்டருக்கு முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.