நாய்க்குமா ஜாதி?

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் ஜாதி ஒழிப்பைப் பற்றி நாம் பேசி முடித்ததும், நெற்றி நிறையப் பூசிய ஒரு பெரியவர் எழுந்து நின்று ஒரு கேள்வி போட்டார். "ஐயா, நாயிலேயே உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி இருக்கின்றது. ஜாதி நாய்க்கு நாற்பதினாயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். தெரு நாயைக் கல்லால் அடிக்கிறார்கள். வாயில்லாப் பிராணிக்கே இயற்கை ஜாதியை வைத்திருக்கும்போது, மனிதனுக்கு மாத்திரம் வேண்டாமென்று சொல்ல நீங்கள் யார்?" என்பதாகக் கேட்டார். கூட்டத்தில் சிலர் கையும் தட்டினார்கள்.

அன்று இருட்டிவிட்டபடியால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் இந்தக் கேள்வி அந்தப் பெரியவர் ஒருவருடையதல்ல. படித்தவர், பட்டம் பெற்றவர், பட்டணவாசி ஆகிய எல்லோர் வாயிலும் "ஜாதி நாய்" என்ற பேச்சு வெகு தாராளமாய்ப் புழங்குகின்றது. ஆகையால் அந்த ஜாதி நாயின் யோக்கியதை என்ன, அதன் உடம்பின் கதி என்ன என்பதைச் சற்று விவரமாகவே எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

யார் வைத்த ஜாதி?

முதலாவது, நாய்க்கு ஜாதியை வைத்தது இயற்கையல்ல, மனிதனே. ஓநாய்க் கூட்டத்திலிருந்து பதினைந்தாயிரம் வருஷங்களுக்கு முன்பே மனிதனோடு சேர்ந்துகொண்ட பிராணி நாய். ஆட்டுக்குக் காவலாக ஒன்று, வேட்டைக்கு ஒன்று, மடியில் வைத்துக் கொஞ்ச ஒன்று என்பதாக மனிதன் தன் சௌகரியத்துக்குப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தான். அப்போதும் அவை தாராளமாகக் கலந்துகொண்டுதானிருந்தன. இன்ன நாய்க்கு இன்ன தகப்பன், இன்ன பாட்டன் என்று ஏடு எழுதி, அந்த ஏட்டில் பேரில்லாத நாயோடு சேர்ந்து பிறந்த குட்டிக்கு ஜாதியில்லை என்று விதித்து நிலைநாட்டியவர்கள் 1873ல் இங்கிலாந்தில் ஏற்பட்ட கென்னல் கிளப் என்னும் சங்கத்தாரும், 1884ல் அமெரிக்காவில் ஏற்பட்ட அதே மாதிரியான சங்கத்தாரும், இவர்களைப் பார்த்துக் கிளம்பிய மற்றவர்களுமேயாவார்கள். அதாவது, நாய்களின் மனுதர்மத்துக்கு வயது 150தான்!

இதில் சிவாவா என்னும் குட்டி நாயை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டவுடன் பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். சிவனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சிவாவா என்பது மெக்சிக்கோ நாட்டில் ஒரு மாகாணத்தின் பெயர். 19ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்கர்கள் மெக்சிக்கோவிலிருந்து வாங்கிக்கொண்டுபோன சின்ன நாய்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உலகத்து ஜாதி நாய்களிலெல்லாம் மிகச் சிறியது இதுவே. அமெரிக்கச் சங்கத்தார் விதிப்படி அதன் எடை ஆறு ராத்தலுக்கு, அதாவது சுமார் 2.7 கிலோவுக்கு, மேற்படக்கூடாது. மண்டை ஆப்பிள் பழம்போல் உருண்டிருக்க வேண்டும். இதுவும் போதாதென்று, தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் நாய் என்று விளம்பரம் செய்து, இன்னும் சிறியதை இன்னும் அதிக விலைக்கு விற்கிறார்கள்.

ஜாதி கொடுத்த சீதனம்

இந்த விதிகளால் நாய்க்குக் கிடைத்த லாபம் என்னவென்று பாருங்கள். வளர்ந்த நாய்க்குப் பல் 42. ஆளுயரத்துக்குத் தாவும் நாய்க்கும் 42. உள்ளங்கையில் நிற்கும் சிவாவாவுக்கும் 42. சிறு பெட்டிக்குள் பெரிய பெட்டியின் சாமான்களைத் திணித்தால் என்ன ஆகும்? பல்மேல் பல் ஏறி, இடுக்கில் அழுக்குத் தங்கி, ஈறு அழுகிப் பாதி வயதிலேயே பல் கொட்டுகின்றது.

முழங்காலின் சில்லு இருக்க வேண்டிய பள்ளத்தை விட்டு நழுவுகின்றது. அதனால் நாய் ஓடும்போது திடீரென்று ஒரு காலைத் தூக்கி, மூன்று காலால் நாலு எட்டு நொண்டிவிட்டு, மறுபடி ஓடும். பார்க்கிறவர்கள் விளையாட்டு என்று சிரிப்பார்கள். மூச்சுக்குழலைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழல் நசுங்கி, வாத்து கத்துவதுபோல இருமும். வயதானால் இருதயத்தின் கதவுகளில் ஒன்று தடித்துச் சரியாய் மூடாமல் ரத்தம் பின்னுக்கு ஒழுகும். குட்டியின் தலை உருண்டும் தாயின் இடுப்பு குறுகியும் இருப்பதால் பிரசவமே பல சமயங்களில் கத்தியின் தயவில் நடக்கின்றது. மூக்கு சப்பையாக வேண்டுமென்று வளர்க்கப்பட்ட பக் நாயும் பெக்கினீஸ் நாயும் மூச்சுவிடுவதற்கே போராடுகின்றன. அவை குறட்டை விடுவதைக் கேட்டு எஜமானர் பூரித்துப் போகிறார்!

இவை எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் சங்கதி ஒன்று உண்டு. பிறந்த குழந்தைக்கு உச்சந்தலையில் எலும்பு மூடாத ஒரு பள்ளம் இருப்பதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். குழந்தைக்கு அது ஒன்றரை இரண்டு வருஷத்தில் மூடிவிடுகின்றது. அனேக சிவாவாக்களுக்கு அது ஆயுள் முழுவதும் மூடுவதில்லை. பின்லாந்து ஆராய்ச்சிக்காரர்கள் 2021ல் வெளியிட்ட பரிசோதனையில், 50 சிவாவாக்களில் 46க்கு மண்டையோட்டின் பொருத்துகளில் ஓர் இடத்திலோ பல இடங்களிலோ திறப்பு இருந்தது. மண்டையில் ஓட்டை என்றால் நாமெல்லாம் வைத்தியரிடம் ஓடுவோம். ஆனால் இந்த நாயை வளர்த்த சங்கத்தார் வெகுகாலம் அந்த ஓட்டைக்கு "மொலேரா" என்று பெயர் வைத்து, அதுவே சுத்த ஜாதிக்கு அடையாளம் என்று கொண்டாடினார்கள்! மண்டையில் இருந்த குறையே குலப்பெருமை ஆகிவிட்டது. குலப்பெருமை பேசுகிறவர்கள் விஷயத்தில் நாம் இதை வேறு இடங்களிலும் பார்த்திருக்கின்றோமல்லவா?

மூடநம்பிக்கையும் சும்மா இருக்கவில்லை. சிவாவாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எஜமானனுடைய இழுப்பு நோயை அது தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்று மெக்சிக்கோவிலும் அமெரிக்காவிலும் பலர் நம்பி வந்தார்கள். உண்மை நேர்மாறானது. நாயின் தோலிலிருந்து உதிரும் பொடியும் அதன் எச்சிலும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். தன் மூச்சுக்குழலே நசுங்கி இழுத்துக்கொண்டு கிடக்கும் நாய், பிறருடைய இழுப்பைத் தீர்க்குமாம்! அந்த ஊர் தாயத்து இது.

ராஜாவின் பெயரும் நாயின் தலைவலியும்

இங்கிலாந்து ராஜாவான சார்லஸ் பெயரைத் தாங்கிய கவேலியர் என்னும் குட்டி நாயின் கதை இதைவிடப் பரிதாபமானது. அழகுக்காகச் சுருக்கப்பட்ட மண்டையோட்டுக்குள் மூளைக்கு இடம் போதாமல், பின்பக்கம் நெருக்குண்டு, முதுகுத்தண்டின் நரம்புக்குள் நீர்க்குழிகள் உண்டாகின்றன. நாய் காற்றிலே கழுத்தைச் சொறிந்து சொறிந்து ஊளையிடுகின்றது. 2008ல் பிபிசி இதைப் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான் உலகம் விழித்தது. மறு வருஷம் பிபிசி, இங்கிலாந்தின் பெரிய நாய்க் கண்காட்சியை ஒளிபரப்ப மறுத்தது. அதே 2009ல்தான் அந்நாட்டுச் சங்கத்தார், தாயும் மகனும், தகப்பனும் மகளும், அண்ணனும் தங்கையும் சேர்ந்து பிறந்த குட்டிகளை இனி ஏட்டில் பதிவதில்லை என்று தீர்மானித்தார்கள். அதுவரை பதிந்து வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுத்தம், சுத்தம் என்று போய்ச் சேர்ந்த இடம் அதுதான்! 2023ல் நார்வே நாட்டின் உச்ச நீதிமன்றம், கவேலியரைக் கவேலியரோடேயே சேர்த்து இனம் பெருக்குவது அந்நாட்டுப் பிராணி நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நம் நாட்டு நாய் என்றால் விலக்கு என்றும் யாரும் மார்தட்ட வேண்டாம். சுத்த வெள்ளைக்கு ஆசைப்பட்டு வளர்த்த ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதேபோல, கலப்பு நாய்க்கு நோயே வராதென்றும் நாம் சொல்லவில்லை; அது பொய். உருவத்தில் சிறியதாயிருப்பதும் ஒரு குற்றமல்ல. பொதுவாகப் பெரிய நாயைவிடச் சிறிய நாய் அதிக நாள் வாழுகின்றது. குற்றமெல்லாம், ஆரோக்கியத்தைப் பார்க்காமல் ஏட்டையும் அங்க லட்சணத்தையும் மாத்திரம் பார்த்து, ஒரே கூட்டத்துக்குள் திருப்பித் திருப்பிச் சேர்த்ததுதான். மறைந்து கிடக்கும் நோய் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒன்றாக வந்து சேர்ந்தால் பிள்ளையிடத்தில் தலைகாட்டும். இதுதான் விஷயம்.

பெரியவருக்குப் பதில்

இப்போது அந்தப் பெரியவரைக் கேட்கின்றோம். நாயையும் மனிதனையும் ஒப்பிட்டது நாமல்ல, தாங்கள்தான். நூற்றைம்பது வருஷம் ஏடு வைத்துக் காப்பாற்றிய ஜாதியே ஓட்டை மண்டையிலும் நொண்டிக் காலிலும் வந்து முடிந்திருக்கிறதென்றால், அந்த ஜாதியையா நமக்கு உதாரணம் காட்டுகிறீர்கள்?

மனிதர் விஷயத்தில் ஆராய்ச்சி சொல்லுவதும் கேளுங்கள். ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் கூடி 2013ல் வெளியிட்டபடி, இந்நாட்டில் சுமார் 1900 வருஷங்களுக்கு முன்வரை பல கூட்டத்து ஜனங்களும் தாராளமாய்க் கலந்தே வந்திருக்கிறார்கள். கதவை அடைத்தது பிற்பாடுதான். அப்படி அடைத்ததால் பரம்பரை நோய்கள் சில கூட்டங்களுக்குள்ளேயே தங்கித் தலையெடுக்க இடமுண்டாயிற்று என்று 2017ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி சொல்லுகின்றது. ஒன்று மாத்திரம் தெளிவாயிருக்கட்டும். ஜாதியால் ஒரு நோயும் வராவிட்டாலுங்கூட, மனிதனை மனிதன் தாழ்த்துவது அக்கிரமமே. அதற்கு எந்த ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் ஜாதியைக் கண்டித்துவிட்டு, வீட்டில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் உரிமைப் பெண் என்று கட்டிவைக்கிறோம். தமிழ்நாட்டில் நாலு கலியாணத்தில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதாக 2019-21ம் வருஷத்துத் தேசீயக் குடும்ப நலக் கணக்கே சொல்லுகின்றது. நாய் வளர்க்கிறவன் விட்டுக்கொண்டிருக்கும் வழக்கத்தை, பகுத்தறிவு பேசுகிற நாம் விடக்கூடாதா?

வீட்டில் நாய் இருந்தால்

சின்ன நாயை ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூற்ற வேண்டாம். அது ஒரு பாவமும் அறியாது. கழுத்தில் கயிறு கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். கொழுக்க விடாதீர்கள். நாய்க்கென்று விற்கும் பசையால் தினமும் பல் தேயுங்கள். சிறு குட்டியைச் சில மணி நேரம் பட்டினி போட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடி விழுந்து வலிப்புக் காணும். நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி வீட்டில் அப்படி விழுந்த குட்டிக்குக் கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றி, கயிறு மந்திரித்துக் கட்டி, அரைநாளைப் போக்கிவிட்டார்கள். அவர் மகள், பள்ளிக்கூடத்துப் பெண், ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவி மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். குட்டி பிழைத்தது. மறுநாள் நன்றி கூறித் தேங்காய் உடைத்தது மாத்திரம் சாமிக்கு!

இனி வாங்குகிறவர்கள், பத்திரத்தைக் கேட்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்; முழங்காலையும் இருதயத்தையும் வைத்தியர் பரிசோதித்தாரா என்று கேளுங்கள். அதைவிட, தெருவில் கிடக்கும் ஒரு குட்டியை எடுத்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு வளர்த்துப் பாருங்கள். ஜாதி கேட்காமல் வால் ஆட்டும்.

நாய்க்குத் தன் ஜாதி தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் மனிதன் ஒருவன்தான். தன் ஜாதியையும் நாயின் ஜாதியையும் அவன் ஒரே குப்பையில் போடுவானானால், இரண்டு பிராணிகளும் பிழைக்கும்.