வீட்டுத் தோட்டம்: வானம் தெளிந்த இரவில் போஞ்சிச் செடியைக் கவனியுங்கள்



கொழும்பிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு இம்மாதப் பக்கம் சற்றுத் தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன நமது பெண்கள் எத்தனையோ பேர். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருக்கும் அவர்களுக்குத் துகள் உறைபனி பெரிய கவலை. எனவே இம்முறை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

என் ராத்தா அவர்களில் ஒருவர். சில வருடங்களுக்கு முன் அவர் வளவில் போஞ்சி போட்டிருந்தார். அந்தப் போஞ்சியை விற்றுத்தான் ஜனவரியில் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்குவதாக ஏற்பாடு. செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம், பனி விழப்போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். “பொலித்தீனை எடுத்து மேலே போர்த்திவிடுங்க ராத்தா” என்று நான் சொன்னேன். மறுநாள் காலை தொலைபேசியில் அவருடைய குரலே சரியில்லை. “தங்கச்சி, வெந்நீர் ஊத்தின மாதிரிக் கிடக்கு” என்றார். பொலித்தீன் தொட்ட இலைகளெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தன. யோசனை சொன்னவள் நான், நட்டம் அவருக்கு. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன்.

உறைபனி மழை போல மேலிருந்து விழுவதில்லை. பகலில் வெயிலை வாங்கிச் சூடேறிய நிலம், இரவில் அந்தச் சூட்டை வானத்துக்குத் திருப்பி விடுகிறது. முகில் இருந்தால் அது ஒரு போர்வை போல நின்று சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்து, நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால் சூடு முழுவதும் போய்விடும். அப்போது புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்து, அவற்றின் மேல் ஈரம் பனித்துகளாக உறைகிறது. மழையும் மூடுபனியுமான இரவு உடம்புக்குக் குளிராக இருந்தாலும் செடிக்குப் பயமில்லை. அழகான இரவுதான் ஆபத்தான இரவு.

வானொலியில் 4 பாகை செல்சியஸ் என்று சொன்னால், பூச்சியத்துக்கு இறங்கவில்லையே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். அந்த அளவு தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானியில் எடுக்கப்படுவது. அதே நேரத்தில் புல் மட்டத்தில் பனி உறைந்து கிடக்கலாம். நுவரெலியா நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே பள்ளமாக இருக்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டுத் தோட்டம் தப்பியிருக்க, ஓடைக்கரைத் தோட்டம் கருகுவது இதனால்தான். உங்கள் வளவின் கீழ்ப்பக்கம் மதிலோ அடர்ந்த வேலியோ இருந்தால் அதன் அடியில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். குளிர்காற்று வெளியே வழிந்து போகட்டும்.

ஆக, இரவில் செடிக்கு இருக்கும் ஒரே அடுப்பு நிலத்தின் சூடுதான். அந்தச் சூட்டைச் செடியின் அருகில் பிடித்து வைப்பதே நமது வேலை.

முதல் நாள் பகலிலேயே பாத்தி மண்ணை நன்றாக நனைத்து விடுங்கள். இலையில் தெளிக்க வேண்டாம். மண்ணுக்கு ஊற்றினால் போதும். ஈர மண் காய்ந்த மண்ணை விட அதிகச் சூட்டைச் சேமித்து, இரவில் மெதுவாக வெளியே விடும். பாத்திக்கு வைக்கோலும் காய்ந்த புல்லும் பரப்புவது நல்ல பழக்கம் என்று நானே இப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பனிக்காலத்தில் மட்டும் அதை ஒதுக்கி விடுங்கள். பகலில் மண் சூடேறாமலும், இரவில் அந்தச் சூடு செடிக்கு வராமலும் அது தடுத்துவிடும். களைகளையும் பிடுங்கி மண்ணை வெயில் படும்படி வையுங்கள்.

மூடுவதற்குப் பழைய படுக்கை விரிப்பு, சாரம், கூனிச் சாக்கு போன்றவை நல்லவை. சுற்றிவரக் கம்பு நட்டு, துணி இலையில் படாதபடி மேலே போட்டு, விளிம்பைத் தரை வரை இறக்கிக் கல் வையுங்கள். குடை பிடிப்பது போல மேலே மட்டும் மூடினால், நிலத்தின் சூடு பக்கவாட்டில் போய்விடும். செடியின் தண்டைச் சுற்றிக் கட்டினாலும் பயனில்லை. சூடு செடியிலிருந்து வருவதல்ல, மண்ணிலிருந்து வருவது. வெறும் மெல்லிய பொலித்தீன் இந்தச் சூட்டைப் பெரும்பாலும் கடந்து போக விடுவதால், அதன் கீழே துணி இல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். ராத்தாவின் தோட்டத்தில் நான் செய்த பிழை அதுதான்.

மஃரிபுக்கு முன்னரே, மண்ணில் சூடு மிச்சமிருக்கும்போது மூட வேண்டும். இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்து ஓடினால் பாதிச் சூடு போயிருக்கும். காலையில் வெயில் ஏறிப் பனி கரைந்ததும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு மண் சூடேறாது.

சின்ன நாற்றுகளுக்கு மண் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். பெகோனியாச் சாடிகளைக் கூரை இறக்கத்தின் கீழ், சமையலறைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

விடியற்காலையில் குழாயைப் பிடித்து இலைப் பனியைக் கழுவிவிடுவது மலைநாட்டில் பலரின் வழக்கம். மேலே படிந்த பனி அதனால் கரையும். ஆனால் இலைக்குள்ளேயே நீர் உறைந்து கண்ணறைகள் கிழிந்திருந்தால், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த இலை திரும்பாது. இரவு வேலையை இரவிலேயே செய்வது மேல்.

எல்லாச் செடிக்கும் இந்தப் பாடு தேவையில்லை. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் என்பன இலேசான பனியைத் தாங்கிக்கொள்ளும். போஞ்சி, தக்காளி, கறிமிளகாய், பூசணி, உருளைக்கிழங்கு தாங்கா. துணி குறைவாக இருந்தால் எதை மூடுவது என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

கருகிவிட்டால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். ரோசாவிலும் தேசியிலும் கருகிய நுனி உள்ளே இருப்பதைக் கொஞ்சம் காக்கும். புதுத் துளிர் வந்த பின் வெட்டலாம். உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளிருந்து மறுபடி முளைக்கக்கூடும். தண்டு வரை கறுத்த போஞ்சியைப் பிடுங்கிவிட்டு மறுவிதை போட வேண்டியதுதான். கவலையில் யூரியா போட வேண்டாம். இளந்தளிர் வந்தால் அடுத்த பனிக்கு அது முதலில் போகும்.

மறு வருடம் ராத்தா, பிள்ளைகளின் பழைய விரிப்புகளையும் மச்சானின் இரண்டு சாரங்களையும் கம்புகளில் போர்த்தினார். மச்சான் முணுமுணுத்தாராம். அந்த முறை போஞ்சி தப்பியது. கீழ்மதில் ஓரத்துப் பாத்தி மட்டும் கருகிப்போனது. இப்போது அதில் லீக்ஸ் நிற்கிறது.